நாகர்கோவிலில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: என் எஸ்எஸ்டியை எனக்கே புதிதென்று விற்றார்கள்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் "உள்ளே இருந்ததெல்லாம் போச்சே" என்று வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தில்தான் சில கடைக்காரர்கள் காசு பார்க்கிறார்கள். ஆன் ஆகாதது ஒரு பழுது, டேட்டா போவது வேறொரு பழுது. மதர்போர்டு, ரேம், சார்ஜிங், டிஸ்ப்ளே எது கெட்டாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அப்போதும் ஃபைலெல்லாம் இருக்கும் பாகமான எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்க்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் உள்ளே சும்மா கிடக்கும்.

நான் மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரிகளுக்கும் சில பலசரக்குக் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, இடிக்குக் கேட்கவா வேண்டும். சார்ஜரில் கிடந்த லேப்டாப் காலையில் உயிர் வரவில்லை. சார்ஜிங் லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. 20ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

முதலில் "போர்டுல ஷார்ட் அண்ணே, ரெடி பண்ணிரலாம்" என்றார்கள். சரி என்றேன். இரண்டு நாள் கழித்து போன். "எஸ்எஸ்டியும் டெட்டுண்ணே. டேட்டா வேணும்னா சென்னையில லேபுக்கு அனுப்பணும். ஒம்பதாயிரம் ஆகும், பாதி அட்வான்ஸ் போட்டு விடுங்க, இன்னைக்கே கூரியர்ல அனுப்பிருவோம்." புது எஸ்எஸ்டிக்குத் தனியாக 3,800. அட்வான்ஸைப் போட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம், "எண்பது சதவீதம் ரிகவர் ஆயிருச்சு, மிச்சம் கரப்ட்" என்று சொல்லி, பாக்கியை வாங்கிக்கொண்டு லேப்டாப்பையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்தார்கள். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது, "டேட்டா ரிகவரி + எஸ்எஸ்டி + சர்வீஸ்" என்று ஒரே வரி. பழைய எஸ்எஸ்டியைக் கேட்டதற்கு, "அது லேப்லயே வெச்சுக்குவாங்க, தர மாட்டாங்க" என்று பதில்.

பென் டிரைவைத் திறந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அச்சு அசலாக இருக்கின்றன. டேலி டேட்டா மட்டும் இல்லை. டேலி பிரைம் தன் டேட்டாவை வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டருக்குள் வைக்கும். அங்கே யாரும் போய்ப் பார்க்கவே இல்லை என்பது புரிந்தது. செத்த எஸ்எஸ்டியில் டெஸ்க்டாப் மட்டும் முழுசாகப் பிழைத்து, பக்கத்து ஃபோல்டர் மொத்தமாகச் சாகுமா?

அப்புறம் ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். விண்டோஸில் ஒரு ஃபைலை வேறு இடத்துக்குக் காப்பி செய்தால், கடைசியாகத் திருத்திய தேதி மாறாது. ஆனால் 'கிரியேட்டட்' என்ற இடத்தில் காப்பி செய்த நேரம் வந்து உட்காரும். அங்கே இருந்தது நான் லேப்டாப்பைக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம். எல்லா ஃபைலுக்கும் அதே சாயங்காலம், சில நிமிட வித்தியாசத்தில். அதாவது சென்னை லேபுக்கு அட்வான்ஸ் கேட்டு போன் வருவதற்கு முன்பே என் ஃபைல்கள் இந்த பென் டிரைவில் ஏறிவிட்டன.

சந்தேகம் வந்த பிறகு தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயசானவர், டிவி காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, "புது எஸ்எஸ்டின்னா சொன்னே மக்கா? இது ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கே" என்றார். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். ஃபார்மட் செய்தாலும் அது அழியாது. சீரியல் நம்பரும் அப்படியே. எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த லேப்டாப்பில் முதலில் இருந்த ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டது நான்தான். வாரன்டிக்காக அந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால், பெட்டியில் இருக்கும் நம்பரும் "புது" எஸ்எஸ்டியின் நம்பரும் ஒன்று. என் வீட்டுப் பலாப்பழத்தை என்னிடமே விலை பேசி விற்றிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான்: போர்டு மட்டும் பழுது. எஸ்எஸ்டி நன்றாக இருந்தது. அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கண்ணில் பட்டதைக் காப்பி எடுத்துவிட்டு, ஃபார்மட் அடித்து, விண்டோஸ் ஏற்றி, அதையே திரும்ப மாட்டிவிட்டார்கள். போர்டு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அதற்கு வாங்கிய 3,500 ரூபாயில் எனக்குக் குறை இல்லை.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் அந்த ஃபார்மட்டில்தான். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஃபார்மட் ஆனாலும் மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் 'டிரிம்' என்று ஒன்று இருக்கிறது. அழித்த இடத்தை விண்டோஸ் சொன்னவுடன் எஸ்எஸ்டியே உள்ளுக்குள் துடைத்துவிடும். பிறகு எந்த லேபுக்குப் போனாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. மார்ச் மாதக் கடைசியில் எடுத்த பேக்கப் கையில் இருந்தது. அதற்குப் பிறகுள்ள கணக்கையெல்லாம் வவுச்சரையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி கொள்முதல் விவரத்தையும் வைத்து மறுபடி ஏற்றினேன். தூக்கம் போனது. அதோடு, என் வாடிக்கையாளர்களின் பான் நகல், போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் இருந்த ஃபோல்டர் கடைக்காரர் கையில் போய் வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போன் செய்து விவரம் சொல்லி, பாஸ்வேர்டு மாற்றியது தனிக் கதை.

இனி கொடுக்கப் போகிறவர்களுக்கு. "எஸ்எஸ்டி போச்சு" என்று சொன்னால், அதை உங்கள் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். ஒரு என்க்ளோஷரில் (டிஸ்க்கை யுஎஸ்பியில் செருக உதவும் சின்னப் பெட்டி) போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சாட்டா வகை டிஸ்க்குக்கான கேபிள் சில நூறு ரூபாய்தான், என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கான என்க்ளோஷர் கொஞ்சம் கூடும். சொந்தமாக வாங்கி வைத்தாலும் நஷ்டமில்லை. செருகியதும் 48 இலக்க கீ கேட்டால் பயப்படாதீர்கள், அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அந்த கீ அங்கே இருக்கும். சில விலை குறைந்த மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்ற வராது. அங்கே முதலில் போர்டை ஓட வைத்துத்தான் டேட்டா எடுக்க முடியும். ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மட்டும் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், உடனே நிறுத்துங்கள். உண்மையிலேயே லேபுக்குப் போக வேண்டிய கேஸ் அதுதான். கொடுக்கும்போது டிஸ்க்கின் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்யக் கூடாது என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய பாகம் எதுவானாலும் திருப்பிக் கேளுங்கள்.

பெட்டியோடு கடைக்குப் போய்க் கேட்டபோது முதலில் "பையன் மாத்திப் போட்டுட்டான் அண்ணே" என்றார் ஓனர். தேதியைக் காட்டியதும் குரல் மாறியது. "பிசினஸ் லேப்டாப்புக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட் எடுக்காது" என்று எனக்கே சட்டம் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அப்படி யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அதற்கப்புறம்தான் எஸ்எஸ்டி விலை 3,800 மட்டும் ஜிபேயில் வந்தது, ஒரு வார்த்தைகூட இல்லாமல். ரிகவரி என்று வாங்கிய 9,000 ரூபாயைத் தர முடியாது என்கிறார்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். தக்கலை அண்ணாச்சி என்ன பார்த்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார், மனுவோடு அதையும் பெட்டியின் படத்தையும் சேர்த்திருக்கிறேன்.

இதேபோல் "புது எஸ்எஸ்டி" போட்டு வாங்கியவர்கள் இருந்தால், அது ஓடிய மணி நேரத்தை இன்றைக்கே பாருங்கள். ஆயிரக்கணக்கில் காட்டினால் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.