ஹெல் ஆர் ஹை வாட்டர்: ஏட்டையா மாமாவோடு பார்த்த பேங்க் கொள்ளைப் படம்

பேங்குக்குள் முகமூடி போட்ட ரெண்டு பேர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சில்லறைக் காசைக் கொண்டுவந்து கவுண்டரில் நிற்கும் ஒரு பெரியவரிடம், துப்பாக்கி வைத்திருக்கிறாயா என்று கொள்ளைக்காரன் கேட்கிறான். இதெல்லாம் ஒரு கேள்வியா, அது இல்லாமல் எவன் வீட்டைவிட்டு வெளியே வருவான் என்கிற தோரணையில் இருக்கு என்கிறார் பெரியவர். அதோடு விட்டாரா, கொள்ளையடிக்க வந்தவர்கள் மெக்ஸிகோக்காரர்கள் இல்லையே என்று அவருக்கு ஆச்சரியம் வேறு. பையை நிரப்பிக்கொண்டு அவர்கள் ஓட, பின்னாலேயே வந்து சுடுகிறார். இந்த இடத்தில் என் தாய்மாமா சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த விமர்சனமே புரியாது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் என்று சுற்றிச் சுற்றி வேலை பார்த்தவர். எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனார், ஆனால் ஊரில் இன்றைக்கும் அவர் ஏட்டையா தான். போலீஸ் படம் எதையும் முழுசாகப் பார்க்க மாட்டார். ஹீரோ ஜீப்பிலிருந்து குதிக்கிற முதல் சீனிலேயே "இவென் லத்தி பிடிக்கிற லட்சணத்தப் பாரு" என்று எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில், நான் லேப்டாப்பை டிவியில் மாட்டிப் போட்ட ஒரு இங்கிலீஷ் படத்தை 102 நிமிடமும் உட்கார்ந்து பார்த்தார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

படம் 2016-ல் வந்தது. டேவிட் மெக்கன்ஸி இயக்கம், டெய்லர் ஷெரிடன் எழுத்து. கதை நடப்பது அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மேற்குப் பக்கம், காய்ந்த பூமி. அம்மா செத்துப்போன பிறகு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேங்குகளைக் கொள்ளையடிக்கிறார்கள். அண்ணன் ஜெயிலுக்குப் போய்வந்தவன், பென் ஃபாஸ்டர். தம்பி அதிர்ந்து பேசாதவன், கிறிஸ் பைன். ஒரே பேங்கின் சின்னச் சின்னக் கிளைகளாகப் பார்த்து, காலையில் கதவு திறக்கிற நேரத்தில் போகிறார்கள். பெட்டகம் பக்கமே போவதில்லை, கட்டுப் பணத்தையும் தொடுவதில்லை, கேஷியர் மேஜை டிராயரில் கிடக்கிற உதிரி நோட்டு மட்டும். கட்டாக எடுத்தால் எந்தக் கட்டு என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம், உதிரி நோட்டுக்கு ஊர் பேர் கிடையாது. அப்புறம் ஓட்டிவந்த காரைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறார்கள். பணத்தைப் பக்கத்து மாநிலத்து சூதாட்டக் கூடத்தில் கொடுத்து டோக்கனாக மாற்றி, அதையே மறுபடி செக்காக வாங்கிக்கொள்கிறார்கள். செக் யார் பெயருக்கு என்றால், கொள்ளை போன அதே பேங்கின் பெயருக்கு, செத்துப்போன அம்மா அங்கே வாங்கிய கடனுக்கு.

மாமா இந்த இடத்தில் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ள, அவென் காசையே எடுத்து அவென் கடனயே அடைக்கிறாய்ங்களா?" ஆமாம் மாமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இத நம்ம ஊர்ல வருஷா வருஷம் பண்ணிக்கிட்டுத்தான இருக்கோம், என்ன, துப்பாக்கி இல்லாம" என்றார். வாஸ்தவம். எங்கள் வீட்டில் அம்மாவின் சங்கிலி பீரோவில் இருந்த நாளைவிட ஒரு பேங்கின் லாக்கரில் இருந்த நாள்தான் அதிகம். வருஷம் முடிகிற அன்றைக்குக் கைமாற்று வாங்கி நகையைத் திருப்புவோம், அரை மணி நேரம் அம்மா அதைக் கழுத்தில் போட்டுப் பார்ப்பார், அதே கவுண்டரில் மறுபடி வைத்து வருகிற பணத்தில் கைமாற்றை அடைப்போம். ஒரு வருஷம் மழை ஏய்த்துவிட்டது, பருத்தி போச்சு, வட்டி கட்ட முடியவில்லை. பேப்பரில் பொடி எழுத்தில் வந்த நகை ஏல அறிவிப்பில் அப்பா பெயரை இனிஷியலோடு பார்த்தபோது நான் பிளஸ் டூ.

படத்தில் அந்த அம்மா வாங்கியது ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற கடன். சொத்தின் பேரில் வயசானவர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம், கண்ணை மூடியதும் வாரிசு வந்து முழுசையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சொத்து அவர்களுக்கு. இந்தியாவிலும் 60 வயது தாண்டியவர்களுக்கு 2007 வாக்கில் இதைக் கொண்டுவந்தார்கள், எங்கள் பக்கம் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. டெக்ஸாஸ் கிழவியின் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்துபோக, ஜப்தி செய்யப் பேங்குக்கு ஏக அவசரம். அதற்குள் கடனை அடைத்து, நிலத்தைத் தன் ரெண்டு பையன்கள் பேருக்கு எழுதிவிட வேண்டும், தம்பிக்கு அவ்வளவுதான் கணக்கு.

சரி, நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி அல்ல. இவர்களைத் தேடி வருகிற ரெண்டு போலீஸ்காரர்களைப் பற்றி.

டெக்ஸாஸ் ரேஞ்சர் என்பது அந்த மாநிலத்தின் தனிப் போலீஸ் பிரிவு, நம்ம சிபிசிஐடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ. இந்த வழக்கைத் தொடவில்லை, போன பணம் அவர்கள் கணக்கில் சில்லறை. அதனால் ரிட்டயர் ஆகச் சில வாரமே இருக்கிற மார்கஸிடம் வருகிறது. ஜெஃப் பிரிட்ஜஸ். வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு பேசுகிற மாதிரியே படம் முழுக்கப் பேசுகிறார், சப்டைட்டில் இல்லாமல் ஒரு வார்த்தை புரியாது. கூட வருகிற ஆல்பர்ட்டோ, கில் பர்மிங்ஹாம், பாதி கொமான்சி பழங்குடி, பாதி மெக்ஸிகோ வம்சம். பொருத்தம் என்றால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பொருத்தம். மார்கஸ் வாயைத் திறந்தாலே ஆல்பர்ட்டோவின் சாதி சனத்தைக் கிண்டல், ஆல்பர்ட்டோ பதிலுக்கு அவர் வயசைக் கிண்டல். லாட்ஜில் ஒரே ரூம். ஆல்பர்ட்டோ டிவியில் பிரசங்கம் பார்க்கிறார், மார்கஸ் அதையும் நக்கலடிக்கிறார்.

துப்பறியும் வேலை என்று பார்த்தால் இவர்கள் செய்வது ரொம்பக் குறைவு. கைரேகை, கம்ப்யூட்டர், சுவர் முழுக்கப் போட்டோ ஒட்டி நூல் கட்டுவது, எதுவும் கிடையாது. அடுத்து எந்தக் கிளைக்கு வருவார்கள் என்று ஊகித்து, எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். மாமா பரவசமாகிவிட்டார். "இதான்டா வேல. உக்காந்திருக்கறதுதான் வேல. பஸ் ஸ்டாண்டு டீக்கடைல மஃப்டில மூணு நாள் உக்காந்து ஒரு பயல பிடிச்சோம், முப்பது டீ ஆச்சு, எவென் கொடுத்தான் காசு?"

படத்தின் உச்சக்கட்டச் சிரிப்பு ஒரு சாப்பாட்டுக் கடையில். வயசான ஒரு அம்மா வந்து, என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, எது வேண்டாம் என்று கேட்கிறார். ரேஞ்சர்கள் முழிக்கிறார்கள். 44 வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், எல்லாரும் சாப்பிடுவது ஒரே மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்தான், 1987-ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒருத்தன் மட்டும் மீன் கேட்டான், எங்களிடம் மீன் கிடையாது, ஆகவே சோளக்கதிர் வேண்டாமா பீன்ஸ் வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார். இந்தக் கடையை எவனும் கொள்ளையடிக்க மாட்டான் என்கிறார் மார்கஸ். மதுரையில் சிம்மக்கல் பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது வெளிநாட்டுப் படமாகவே தெரியாது. சுக்கா, குடல், ஈரல், நெஞ்செலும்பு, அயிரை மீன் குழம்பு என்று இலை போடும் முன்னாலேயே மூச்சு விடாமல் ஒப்பிக்கிற அண்ணனிடம், என்னோடு வந்த பெங்களூர் நண்பன் சப்பாத்தி இருக்கா என்று கேட்டான். அண்ணன் அவனுக்குப் பதிலே சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே வந்த மாமா ஒரு இடத்தில் அமைதியாகிவிட்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆல்பர்ட்டோ பேசுகிறார். 150 வருஷத்துக்கு முன்னால் இந்த நிலமெல்லாம் என் முன்னோர்களுடையது, இந்த ஊர்க்காரர்களின் பாட்டன் பூட்டன் வந்து பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது இவர்களிடமிருந்து வேறொருத்தன் பிடுங்குகிறான், இந்தத் தடவை பட்டாளம் இல்லை, அதோ அவன்தான், என்று எதிரே இருக்கிற பேங்கைக் கை காட்டுகிறார். அவ்வளவு நேரம் கிண்டலை வாங்கிக்கொண்டிருந்த மனிதரின் வாயிலிருந்து இது வருகிறது. அதுவரை நாம் எதற்குச் சிரித்தோம் என்று லேசாக நெருடுகிறது. "என்கூட ஒருத்தன் இருந்தான்டா" என்றார் மாமா. "அவென் ஊரச் சொல்லி, ஆளுகளச் சொல்லி பத்து வருஷம் ஓட்டிருக்கேன். அவனும் சிரிச்சிருவான். சிரிச்சான்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் படத்தைக் காமெடி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் அந்தக் காமெடி சும்மா ஊறுகாய்க்கு வைத்ததல்ல. ரெண்டு ஏட்டையாக்களின் அந்தச் சள்ளையான கிண்டல் பேச்சை நம்பித்தான் கடைசி அரை மணி நேரம் நிற்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன், மாமா டீயை ஆறவிட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

ஊரைக் காட்டியிருக்கிற விதத்துக்காகவே ஒரு தடவை பார்க்கலாம். முதல் ஷாட்டிலேயே ஒரு சுவரில் எழுதியிருக்கிறது: மூன்று தடவை ஈராக் போய்ச் சண்டை போட்டோம், ஆனால் எங்களைத் தூக்கிவிட ஆளில்லை என்று. ரோட்டோரம் முழுக்கக் கடன் தீர்ப்போம் போர்டுகள். நம்ம பைபாஸில் 'அடகு நகையை மீட்டு அதிக விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்று வரிசையாக நிற்குமே, அச்சு அசல் அதே. புல்வெளி பற்றி எரிய, மாட்டு மந்தையை ஆற்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருகிற ஒருத்தர், இந்தக் காலத்தில் இந்தப் பாடு பட்டால் என் பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வருவார்கள் என்று புலம்பிவிட்டுப் போகிறார். ஒரு நிமிடம்கூட இருக்காது அந்த சீன், கிடை போடுகிற எங்கள் பெரியப்பா பேசுவதை யாரோ ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒளிப்பதிவு கைல்ஸ் நட்ஜென்ஸ், தீபா மேத்தாவின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். டெக்ஸாஸ் என்று காட்டுவதில் பெரும்பகுதியைப் பக்கத்து நியூ மெக்ஸிகோவில் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "இங்க மட்டும் என்ன, மதுரைன்னு சொல்லிட்டு காரைக்குடில எடுக்கலையா" என்றார் மாமா.

குறை இருக்கிறது. பெண்களுக்கு வேலையே இல்லை. தம்பியின் பிரிந்துபோன மனைவி வருகிறார், கோபப்படுகிறார், போகிறார். கொஞ்சமாவது நினைவில் நிற்பது ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற பெண், தம்பி வைத்துவிட்டுப் போன 200 டாலர் டிப்ஸைச் சாட்சியம் என்று ரேஞ்சர் கேட்க, இது என் வீட்டுக் கடனுக்கு, தரமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறார். அவரை இன்னும் ரெண்டு சீனில் கூட்டிவந்திருக்கலாம். அண்ணன்காரனாக வரும் பென் ஃபாஸ்டர் சில இடங்களில் நடிக்கிறேன் பார் என்று நடிக்கிறார். பாட்டும் கொஞ்சம் ஓவர், காட்சி சொல்லிவிட்டதையே பாட்டு மறுபடி சொல்கிறது, ஆனால் நிக் கேவும் வாரன் எல்லிஸும் போட்ட பின்னணி இசையில் எனக்குப் புகார் இல்லை. 4 ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆகி ஒன்றும் வாங்காமல் திரும்பியது.

சுரங்கம் தோண்டி, லேசர் கம்பிக்கு நடுவே வளைந்து நெளிந்து போய்ப் பெட்டகத்தை உடைக்கிற படம் வேண்டும் என்றால் இது ஆகாது. சின்னப் பிள்ளைகளோடு உட்காரவும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் ரத்தமும் உண்டு. டப்பிங் கிடைத்தாலும் ஒதுக்கிவிட்டு ஒரிஜினலில் சப்டைட்டிலோடு பாருங்கள், ஜெஃப் பிரிட்ஜஸின் அந்த அதக்கல் குரல் போனால் பாதிப் படம் போச்சு.

படம் முடிந்து நான் ஒயரைக் கழற்றப் போனேன். "இரு மாப்ள, அந்தச் சாப்பாட்டுக் கடக் கெழவி வர்றத இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். அத்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, சப்டைட்டிலை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே பார்த்தார். முடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போனார். யாரிடமோ ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.