சுரப்பியை எடுப்பதா, கல்லை மட்டும் எடுப்பதா?

சாப்பாட்டில் கை வைத்ததும் தாடைக்கு அடியில் விண்ணென்று வலித்து வீங்குகிறது. ஓரிரு மணி நேரத்தில் தானே வடிகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்லுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பெரும்பாலான கற்கள் தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அங்கே ஊறும் உமிழ்நீர் கொழகொழப்பானது, கால்சியம் மிகுந்தது. போதாக்குறைக்கு அதை வாய்க்குக் கொண்டுவரும் 5 செ.மீ. அளவு நீண்ட குழாயில், அதாவது நாளத்தில், மேல்நோக்கி ஏற வேண்டும்.

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஒரு கை விரல் வாய்க்குள்ளும் மறு கை விரல்கள் தாடைக்கு வெளியிலுமாகத் தடவினால், முன்பக்கக் கல் தட்டுப்பட்டுவிடும். படம் என்று வந்தால் என் ஓட்டு அல்ட்ராசவுண்டுக்கு. கதிர்வீச்சு கிடையாது, 2 மி.மீ.க்குக் குறைந்த கல்லைத் தவறவிடலாம் என்பதுதான் குறை. எக்ஸ்ரேயில் கால்சியம் குறைந்த கல் தெரியாது, கன்னச் சுரப்பிக் கற்களில் பல அப்படிப்பட்டவை. சந்தேகம் தீராதபோது சிடி ஸ்கேன் எடுக்கலாம். பொடிக் கல்லையும் அது காட்டும்.

சிறு கல்லுக்கு நிறையத் தண்ணீர், நீவிவிடுதல், புளிப்பு மிட்டாய் போதும். ஆனால் நாளம் முழுதும் அடைத்திருந்தால் புளிப்பு வலியைத்தான் கூட்டும். சீழ் வைத்திருந்தால் அதைத் தணித்த பிறகே கல்லைப் பற்றிய பேச்சு.

அறுவை என்று முடிவானால் கல்லின் அளவைப் போலவே அதன் இடமும் முக்கியம். நாக்கடியில், நாளம் வாயில் திறக்கும் இடத்தின் அருகே இருந்தால் நாளத்தைச் சிறிது கீறி வெளியே எடுத்துவிடலாம். எண்டோஸ்கோப்பி அங்கே வீண் ஆடம்பரம். உள்ளே தள்ளியிருந்து, 4 மி.மீ.க்கு உட்பட்டு, அசைந்து கொடுக்குமானால் எண்டோஸ்கோப்பியே மேல். ஒன்றிரண்டு மி.மீ. தடிமனுள்ள குழாயை நாளத்தில் நுழைத்து, நுண்ணிய கம்பிக்கூடையில் கல்லைப் பிடித்து இழுப்பார்கள். நாளம் சுருங்கியிருந்தால் அதையும் விரிக்கலாம். பெரிய கல்லை லேசரால் உடைப்பதுண்டு, ஆனால் நேரம் பிடிக்கும், துணுக்குகள் தங்கிவிடும். விரலுக்குத் தட்டுப்படும் பெரிய கல்லை, பின்னால் இருந்தாலும், வாய்வழியே கீறி எடுப்பதே எளிது. அந்த இடத்தில் நாக்குக்கு உணர்வு தரும் நரம்பு நாளத்தின் அடியில் குறுக்கே போகிறது. பழகிய கை வேண்டும்.

சுரப்பியையே அகற்றுவது ஒருகாலத்தில் வழக்கமான தீர்வு. இன்று அதைக் கடைசியில் வைப்பதே சரி. அடைப்பு நீங்கினால் சோர்ந்த சுரப்பியும் பல நேரம் மீண்டும் சுரக்கிறது. அகற்றினால் கழுத்தில் தழும்பு, கீழுதட்டை அசைக்கும் நரம்புக்கு ஆபத்து. கல் சுரப்பியின் உட்புறத்தில் புதைந்து, தொற்று திரும்பத் திரும்ப வந்து, மற்ற வழிகளும் தோற்றால் அகற்றலாம். கன்னச் சுரப்பியில் இன்னும் தயங்க வேண்டும்: முகத்தை அசைக்கும் நரம்பு அதன் நடுவிலேயே கிளை பிரிகிறது.