காவல் இல்லாத கடை: ஒரு மளிகைக்காரனின் மதிப்பீடு

முப்பத்திரண்டு ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவன் நான். எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் தராசுக்குப் போகும், பிறகு கல்லாவுக்கு. மிசோரமில் செலிங் அருகே நெடுஞ்சாலையோரம் நான் பார்த்த கடையில் தராசு இல்லை. கல்லா இருந்தது, அதன் பின்னால் ஆள் இல்லை. நான்கு மூங்கில் கால்கள், மேலே தகரம், இடுப்பு உயரத்தில் ஒரு பரண். ‘ங்ஹா லோ தோர்’ என்கிறார்கள். காவல் இல்லாத கடை.

மருமகன் வேலை பார்க்கும் ஐஸ்வாலுக்கு ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். மறுநாளே இந்தக் கடையைப் பார்க்க ஆசை. டாக்சிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஞாயிறு வண்டி எடுக்க மாட்டாராம். டீ குடிக்கலாம் என்று தெருவில் இறங்கினால் ஒரு கடையும் திறக்கவில்லை. கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளிருந்து முரசும் பாட்டும் மட்டும் கேட்டன. 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள் உள்ள மாநிலம் என்பது டீ கிடைக்காதபோதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை போனோம். சரக்கைச் சொல்கிறேன். கடுகுக்கீரை அன்று காலை பறித்தது. தண்டில் ஈரம் காயவில்லை. சௌசௌ முற்றாமல், தோல் மினுங்க இருந்தது. இஞ்சி சிறியது, ஆனால் காரம் தூக்கல். மிளகாய் நம் காந்தாரி போலச் சின்னது, கடித்தால் காது அடைக்கும். எல்லாம் கட்டாகவோ கூறாகவோ வைத்திருக்கிறார்கள். கூறுகளைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று எடை மாறவே இல்லை. இதுதான் என்னை அசத்தியது. கேட்க ஆளிருக்கும் கடையிலேயே நாங்கள் இவ்வளவு ஒழுங்காகக் கூறு கட்டியதில்லை.

விலை அட்டையில் கரியால் எழுதியிருந்தது. ரோமன் எழுத்து என்பதால் பொருள் தெரியாமலே வாய்விட்டுப் படிக்க முடிந்தது. 1894இல் இங்கே வந்த லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் மிசோ மொழிக்கு அமைத்துக் கொடுத்த எழுத்து அது. பைபிளுக்காக வந்தது, இப்போது சௌசௌ விலையும் சொல்கிறது.

நாற்பது ரூபாய்க்கு வாங்கி நூறு ரூபாய் நோட்டை டப்பாவில் போட்டேன். மீதியை நானே எடுக்க வேண்டும். ஆயுள் முழுக்கச் சில்லறை எண்ணிக் கொடுத்த கை இது. பிறர் கல்லாவுக்குள் நுழையக் கூசியது. மூன்று முறை எண்ணி எடுத்தேன். அப்படியும் இரவு வீட்டில் பார்த்தால் எழுபது ரூபாய் இருந்தது. அந்தப் பத்து ரூபாயை டாக்சிக்காரரிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், போட்டுவிடுகிறேன் என்றார்.

“காசு குறையாதா?” என்று அவரிடம் கேட்டிருந்தேன். “குறையும், கா பூ. மறுநாளும் வைப்பார்கள்” என்றார். கா பூ என்றால் பெரியவரே என்பதுபோல. மலைச்சரிவுத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு எல்லோரும் வேலை செய்கிறார்கள். பத்துக் கட்டுக் கீரைக்காக ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது. என் பழைய கடன் நோட்டில் வராமலே போன பாக்கியை நினைத்தால் இந்தக் கணக்கு தப்பில்லை.

இது பக்தியா என்றும் கேட்டேன். த்லோம்ஙைஹ்னா என்று ஒரு சொல் சொன்னார். தன்னைப் பின்னால் வைத்துப் பிறருக்கு உதவுவது. கோயில் வருவதற்கு முன்பே இருந்த வழக்கமாம். ஆனால் அவர் மனைவி ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைக்கிறார். ‘புஃபை தாம்’ என்ற இந்தப் பிடியரிசி 1910 முதல் நடக்கிறது. அரிசியைத் திரட்டி விற்றுக் கோயில் வேலைக்குச் செலவிடுகிறார்கள். இரண்டில் எது எங்கே முடிகிறது என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நான் எடுத்த பூசணியின் உள்ளே ஒரு பக்கம் அழுகல்; சண்டை போட ஆள் கிடையாது. பையும் தருவதில்லை. வெளிமாநிலத்தார் நுழைவு அனுமதிச் சீட்டு முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போங்கள். டப்பாவுக்குள் கைவிடும் சங்கடம் மிச்சம்.