ஸ்மார்ட் கீ ஸ்கூட்டரும் ஒரு பட்டன் செல்லும்: இரண்டரை வருட அனுபவம்

தீபாவளிக்கு ஸ்கூட்டர் எடுக்கப்போகும் மச்சினன் போன வாரம் போன் செய்தான். "மாமா, நீங்க ஸ்மார்ட் கீ வண்டிதானே வச்சிருக்கீங்க? கூடக் காசு போட்டு அதையே எடுக்கலாமா, சாதா சாவி போதுமா?" போனில் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன். மைலேஜ், பிக்கப் எல்லாம் ஷோரூமிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது சாவியைப் பற்றி மட்டும்தான்.

முதலில் நல்லது. என் மனைவிக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. பழைய வண்டியில் சாவியைப் பிடித்துத் திருப்புவதற்குள் முகம் சுருங்கிவிடும். இந்த வண்டியில் திருப்பும் சாவிக்குப் பதில் ஒரு பெரிய குமிழும், கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரிமோட்டும். ரிமோட் கைப்பையில் இருந்தால் போதும், குமிழை உள்ளங்கையால் அழுத்தித் திருப்பிவிடலாம். சீட்டும் அதிலேயே திறக்கும். இரண்டு வருடமாக அவளே தனியாக மார்க்கெட் போய் வருகிறாள். சமயபுரத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வண்டியைத் தேடும்போது, ரிமோட்டை அழுத்தினால் இண்டிகேட்டர் மின்னிக் காட்டிக்கொடுக்கும். இதற்காகவே கொடுத்த காசு தகும் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்த விடியற்காலைக்கு வருகிறேன்.

சென்னையில் மூன்று நாள் வேலை. வண்டி திருச்சி ஜங்ஷன் ஸ்டாண்டில், ரிமோட் லேப்டாப் பையில். திரும்பி வந்து இறங்கியபோது இன்னும் இருட்டு. டோக்கனைக் கொடுத்துவிட்டு வந்து குமிழை அழுத்தினால் ஒரு வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். வண்டியின் பேட்டரி போயிற்றா, ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் செல் போயிற்றா என்றுகூடத் தெரியவில்லை, இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். ஹேண்டில் லாக் ஆகியிருந்ததால் நகர்த்தவும் முடியாது. ஸ்டாண்டில் இருந்த பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சாவி போடுற ஓட்டையே இல்லையே தம்பி" என்றார். அவர் சொன்னதுதான் விஷயம்.

ரிமோட் செத்துப்போனால் வண்டியை எழுப்ப ஒரு மாற்று வழி உண்டு. ஆறு இலக்க எண் ஒன்றைக் குமிழை அழுத்தியே உள்ளிட வேண்டும். விளக்கு மின்னுவதை எண்ணிக்கொண்டே இருந்து, நம் எண் வரும்போது கையை எடுக்க வேண்டும், ஒவ்வொரு இலக்கத்துக்கும் இப்படி. அந்த எண் அச்சிட்ட அட்டையைத்தான் வண்டி எடுத்த அன்று ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸோடு சேர்த்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார்கள். சீட் குமிழில்தான் திறக்கும். குமிழ் ரிமோட் இருந்தால்தான் திரும்பும். "இந்த அட்டையை வீட்டில் வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஆட்டோ பிடித்துத் திருவெறும்பூரில் இருக்கும் வீட்டுக்குப் போய், மாற்று ரிமோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதுவும் சட்டென்று எடுக்கவில்லை. குமிழை ஒட்டிப் பிடித்து மூன்றாவது தடவை அழுத்தியபோதுதான் வண்டி விழித்தது. இரண்டு ரிமோட்டிலும் ஒரே நாளில் போட்ட செல். போதாக்குறைக்கு, மாற்று ரிமோட் போர்டிகோ ஆணியில், வண்டிக்கு நாலடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குமிழை அழுத்தும்போதெல்லாம் வண்டி "இருக்கிறாயா" என்று கூப்பிட, அதுவும் எழுந்து பதில் சொல்லிச் சொல்லியே தேய்ந்திருக்கிறது. டிவி, லேப்டாப் பக்கத்தில் வைத்தாலும் அவற்றின் அலைகளால் ரிமோட் அடிக்கடி விழித்துக்கொள்ளும்.

செல் சிஆர்2032 வகை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கடையில் 2025 கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள், வாங்காதீர்கள். அது 2.5 மில்லிமீட்டர்தான். விட்டம் ஒன்றாக இருப்பதால் உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் தளர்வாக நிற்கும். அவசரத்துக்கு அதைப் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். மேடு பள்ளத்தில் ரிமோட் தொடர்பு விட்டு, மீட்டரில் சாவி விளக்கு மின்னிக்கொண்டே வந்தது. ஓடும்போது எஞ்சின் நிற்காது. நிறுத்தினால் மறுபடி எடுக்குமா என்ற பயம்தான்.

பழைய செல்லை டிவி மெக்கானிக் நண்பரிடம் காட்டினேன். மல்டிமீட்டரில் 2.9 வோல்ட் காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். சின்ன ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்துச் செல்லை மின்சாரம் கொடுக்க வைத்தார், எண் மளமளவென்று இறங்கி 2.2க்குப் போனது. எடுத்ததும் மெல்ல ஏறியது. செல் தீர்ந்துவரும்போது அதன் உள்தடை கூடிவிடுகிறது. சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டும், ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்த நொடியில் படுத்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று திடீரென்று செத்ததற்குக் காரணம் இதுதான். முன்னறிவிப்பும் இருக்கவே செய்தது. கடைசி இரண்டு வாரம் குமிழை இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. நான் பொருட்படுத்தவில்லை. செல் குறைந்தால் மீட்டரில் சாவி விளக்கு சில நொடி மின்னுமாம். நம் ஊர் வெயிலில் அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

நியாயமாகச் சொன்னால் 40 ரூபாய்ச் செல், இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்தது. மாற்றுவதும் சுலபம். துணி சுற்றிய நாணயத்தால் விளிம்பில் நெம்பினால் மூடி பிரிகிறது. பிளஸ் பக்கம் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பழைய செல்லை மட்டும் மேஜையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

ஆனால் செல் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அண்ணன் காரில் ரிமோட் செத்தால் ஸ்டார்ட் பட்டன் மேல் அதை ஒட்டிப் பிடித்தால் போதும். காருக்குள் இருக்கும் சுருள் ரிமோட்டின் சிப்புக்குத் தேவையான மின்சாரத்தைக் கொடுத்துவிடும், செல்லே வேண்டாம். கதவுக்கு ஒரு இரும்புச் சாவியும் ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒரு சாவித் துவாரம் வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? இருட்டில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வாள் என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா? அன்றைக்கு அந்த ஸ்டாண்டில் நின்றது நானாக இல்லாமல் என் மனைவியாக இருந்திருந்தால்?

இப்போது அந்த ஆறு இலக்க எண்ணை இரண்டு பேர் போனிலும் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் பகலில் பழகிப் பார்த்தேன், நாலாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. ஆயுத பூஜைக்கு வண்டி கழுவிச் சந்தனம் வைக்கும்போது இரண்டு ரிமோட்டுக்கும் புதுச் செல் என்று முடிவு செய்திருக்கிறேன். மாற்று ரிமோட் இப்போது உள் அறை பீரோவில் இருக்கிறது.

மச்சினனிடம் சாதா சாவி வண்டியையே எடுக்கச் சொல்லிவிட்டேன். "அப்போ உங்க வண்டியை வித்துடுவீங்களா மாமா?" என்றான். அவன் அக்கா ஓட்டும்வரை விற்க மாட்டேன்.