‘அரசு அங்கீகாரம் பெற்ற’ பிசினஸ் மேனேஜ்மென்ட் சான்றிதழா? கட்டண பில்லை முதலில் பாருங்கள்

பி.காம் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் பில்லிங் பார்க்கும் பெண். ஆறு மாதத்தில் பிசினஸ் மேனேஜ்மென்ட் அடிப்படைச் சான்றிதழ், ஞாயிறுதோறும் ஆன்லைன் வகுப்பு, முடித்தால் வேலை உறுதி என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தார். கட்டணம் 38,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,840. ஆக 44,840. கையிலிருந்து கொடுத்தது 4,840. மீதி 40,000-க்கு ‘வட்டியில்லா இஎம்ஐ’, மாதம் 4,000 வீதம் பத்து மாதம்.

24 வகுப்பு என்றார்கள். நேரலையில் நடந்தது ஏழு. அப்புறம் பழைய வீடியோக்களின் லிங்க் வந்தது. தேர்வு என்பது கூகுள் ஃபார்மில் 50 கேள்வி, தேறும்வரை திரும்பத் திரும்ப எழுதலாம். ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ் மட்டும் சொன்ன தேதிக்குக் கூரியரில் வந்துவிட்டது. வேலைக்கென்று அனுப்பிய இரண்டு நேர்காணலில் ஒன்று இன்சூரன்ஸ் விற்பது. இன்னொன்று அதே நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் டெலிகாலர் வேலை! அதோடு போனை எடுப்பாரில்லை. நான்கு தவணை இன்னும் பாக்கி.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, போட்டும் பெரிய பயனில்லை. இந்தத் தொழிலில் பெயர்ப்பலகை அடிக்கடி மாறும். மாறாதது செய்முறை, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் சட்டம். 1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம், 22ஆம் பிரிவு, ‘பட்டம்’ வழங்கும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே தருகிறது. ‘சான்றிதழ்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை எடுத்து, பிரிண்டர் வைத்து, ‘சர்ட்டிஃபிகேட் இன் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ என்று அடித்துக் கொடுப்பது அதனளவில் குற்றமில்லை. அதற்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் ஏமாற்று. போனில் பேசி ஆள் சேர்க்கும் கவுன்சலர்கள் இந்த இடைவெளியை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். “யுஜிசி அங்கீகாரம் உண்டா?” என்று கேட்டால் இல்லை என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள், “சர்ட்டிஃபிகேட் கோர்ஸுக்கு அது தேவையே இல்லை மேடம், நாங்க கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு” என்பார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் வித்தை.

‘கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு’ என்று காட்டும் காகிதங்கள் பெரும்பாலும் இவைதான். நிறுவனப் பதிவுச் சான்று: 2013 கம்பெனிச் சட்டப்படி பதிந்த எல்லோரிடமும் இருக்கும், அசோகச் சின்னத்தோடு வருவதால் பார்க்க மிரட்டலாக இருக்கும். உத்யம் சான்று: சிறு தொழில் நடத்துபவர் ஆதார் எண்ணைப் போட்டு இணையத்தில் தானே இலவசமாகப் பதிந்துகொள்வது, மாவு மில்லுக்கும் கிடைக்கும். ‘நிதி ஆயோக் பதிவு’ என்றால் தொண்டு நிறுவனங்களுக்கான தர்ப்பண் தளத்தில் வாங்கிய ஒரு அடையாள எண். ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்கான தரநிலை. பாடத்தையோ தேர்வையோ அது தொடுவதில்லை. இந்த நான்கில் எதுவும் படிப்புக்குக் கொடுத்த அங்கீகாரம் ஆகாது.

வெளிநாட்டுப் பெயர் சொன்னால் இன்னும் கவனம். ‘யுகே லெவல் 3 சான்றிதழ்’ என்பார்கள். இங்கிலாந்தில் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஆஃப்குவல். அதன் பதிவேடு இணையத்தில் யாருக்கும் திறந்தே இருக்கிறது. படிப்பின் பெயரும், தகுதி எண்ணும், அதை வழங்கும் அமைப்பும் அதில் இருக்க வேண்டும். அங்கே ‘சர்ட்டிஃபிகேட்’ என்று பெயர் வைத்தால் மொத்தப் படிப்பு நேரம் பொதுவாக 121 முதல் 369 மணிக்குள் இருக்கும். 120 மணி அல்லது அதற்குக் கீழ் என்றால் ‘அவார்டு’, 370-உம் அதற்கு மேலும் ‘டிப்ளமோ’. யுகேபிஆர்என் என்று எட்டு இலக்க எண்ணைக் காட்டினால் மயங்காதீர்கள். அது பயிற்சி நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலில் உள்ள எண், தரச் சான்று அல்ல.

இப்போது பில். பலர் கவனிக்காத இடம் இது. சட்டம் அங்கீகரித்த ஒரு தகுதிக்காகப் பாடத்திட்டத்தின்படி கற்றுக்கொடுக்கும் கல்வி நிறுவனத்தின் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆகவே பில்லில் கோர்ஸ் கட்டணத்துக்கு 18 சதவீதம் போட்டிருந்தால், இந்தப் படிப்பு சட்டம் அங்கீகரித்த தகுதி அல்ல என்று அந்த நிறுவனமே வரித்துறையிடம் ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். அதே கையால் விளம்பரத்தில் ‘அரசு அங்கீகாரம்’ என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். இதை வைத்து எல்லாவற்றையும் போலி என்று சொல்லிவிட முடியாது. பெரிய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் இந்த வரி உண்டு. ஆனால் அவர்கள் அதை ‘அரசு அங்கீகாரம்’ என்று விற்பதில்லை. பில்லில் ஜிஎஸ்டியே இல்லையென்றாலும் அது நற்சான்று ஆகிவிடாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் இருப்பவர் பதிவே செய்திருக்க மாட்டார். வரி வாங்கியிருந்தால் 15 இலக்க எண் பில்லில் இருக்கும். தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடுங்கள். வரும் பெயரும், யுபிஐயில் பணம் போன பெயரும், சான்றிதழில் உள்ள பெயரும் மூன்றாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கடன்தான் இதில் உண்மையான வியாபாரம். ‘இஎம்ஐ’ என்று சொல்லும்போது கட்டணத்தைப் பிரித்துக் கட்டுகிறோம் என்றே மாணவர் நினைக்கிறார். நடப்பது வேறு. ஒரு நிதி நிறுவனம் மாணவர் பெயரில் 40,000 கடன் எழுதி, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரே தடவையில் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வட்டியை மாணவர் கட்டவில்லை என்பது சரி. அது கட்டணத்திலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். முழுப்பணமும் முதல் வாரமே கைக்கு வந்த பிறகு எட்டாவது வகுப்பை நடத்த அவர்களுக்கு என்ன அவசரம்?

போனிலேயே வாங்கும் ஓடிபிகளைக் கவனியுங்கள். ஒன்று ஆதார் சரிபார்ப்பு. அடுத்தது கடன் ஒப்பந்தத்தில் மின் கையொப்பம். மூன்றாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் இ-மேண்டேட். “சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்தால் ஸ்காலர்ஷிப்” என்று அவசரப்படுத்துவது, இடையில் வரும் ஒப்பந்தத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. மேண்டேட்டில் அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தைப் பாருங்கள்; 4,000 தவணைக்கு 10,000 என்று எழுதியிருக்கக்கூடும். ஒப்பந்தம் போகும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

சேர்ந்த மறுநாளே மனம் மாறினால் வழி உண்டு. டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அசலை அந்த அவகாசத்துக்குள் திருப்ப வேண்டும். பணமோ பயிற்சி நிறுவனத்திடம். அதனால் ரத்து செய்யக் கேட்டு இருவருக்கும் ஒரே நாளில், ஒரே மின்னஞ்சலில் எழுத வேண்டும்.

அவகாசம் கடந்துவிட்டால் பலர் செய்யும் தவறு, வங்கிக்குப் போய் மேண்டேட்டை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது. மேண்டேட் நின்றாலும் கடன் நிற்காது. தாமதக் கட்டணம் ஏறும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் விழும், நாளை வண்டிக் கடனுக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். வகுப்பு நடக்கவில்லை என்ற ஆதாரத்தோடு முதலில் நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, தகவலுக்கு 14448.

பயிற்சி நிறுவனத்தின் மீது போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பதியுங்கள், சிலர் அதற்கே பணிந்து பாதிப்பணம் திருப்புவார்கள். இல்லையேல் மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவர்கள் அலுவலகம் நொய்டாவில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நிதி நிறுவனத்தையும் இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் தேதியோடு, முழு வாட்ஸ்அப் உரையாடலின் எக்ஸ்போர்ட், பில், வகுப்பு நடந்த தேதிகளின் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் வேண்டும். ‘வேலை உறுதி’ என்ற வரி விளம்பரத்தில் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2024 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் அதைக் குறிப்பாகவே சொல்கின்றன.

சேருவதற்கு முன் சோதிக்க இரண்டு எளிய வழிகள். ஒன்று, மணிக்கணக்கு. விளம்பரத்தில் ‘20 கிரெடிட்’ என்று போட்டிருந்தால், கிரெடிட் என்பது படிப்பின் அளவைச் சொல்லும் அலகு; தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி, ஆக 600 மணி. வகுப்பு, வீட்டில் படிப்பது, செய்முறை எல்லாம் சேர்த்து. இவர்கள் தருவது 24 ஞாயிறு, இரண்டிரண்டு மணி, 48 மணி. மிச்சம் 552 மணிக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, டெமோ வகுப்பில் ஒரு கணக்கு. டீக்கடைக்கு வாடகையும் சம்பளமும் மாதம் 30,000. ஒரு டீ 15 ரூபாய்; பால், தூள், சர்க்கரை, கேஸ் சேர்த்து அடக்கம் 9. நஷ்டமில்லாமல் இருக்க நாளைக்கு எத்தனை டீ விற்க வேண்டும்? டீக்கு 6 ரூபாய் நிற்கிறது, 30,000-ஐ 6-ஆல் வகுத்தால் 5,000, நாளொன்றுக்கு 167. அடிப்படை மேலாண்மை சொல்லித்தருபவர் இதைப் பலகையில் போட்டுக்காட்டி, பால் விலை ஏறி அடக்கம் 10 ஆனால் நாளைக்கு 200 ஆகிவிடும் என்பதுவரை சொல்ல வேண்டும். ‘லீடர்ஷிப் மைண்ட்செட்’ என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு வந்த பிடிஎஃப்பில் இருந்ததைவிட, தமிழ்நாடு பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு வணிகவியல் நூலின் முதல் அலகில் அதிகம் இருக்கிறது: மேலாண்மைத் தத்துவங்கள், பணிகள், குறியிலக்கு மேலாண்மை எல்லாம், தமிழிலேயே, இலவசமாக. சான்றிதழும் வேண்டுமென்றால் ஒன்றிய அரசின் ஸ்வயம் என்ற இணையப் படிப்புத் தளம் இருக்கிறது. அதில் மேலாண்மைப் படிப்புகளை ஒருங்கிணைப்பது பெங்களூரு ஐஐஎம். சென்னை ஐஐடி வழியாக நடக்கும் என்பிடெல் படிப்புகளிலும் மேலாண்மை உண்டு. என்பிடெலில் படிக்கக் கட்டணம் கிடையாது, தேர்வுக்கு 1,000 ரூபாய்தான். ஆண்டுக்கு இரண்டு சுற்று, ஜனவரியிலும் ஜூலையிலும். தேர்வு நேரில், கண்காணிப்போடு. வாராந்திர அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்டை நாள் தவறவிட்டவர்கள் தேர்வில் 60 வாங்கியும் வெறுங்கையோடு போவதுண்டு.