கொரியப் பேய்க் காதல் தொடர்கள்: பேய்க்குப் போட்ட விதி கடைசிவரை நிற்கிறதா?

இந்த வகைத் தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது நாயகன் யார், நாயகி யார் என்று பார்ப்பதற்கு முன் பேய்க்கு என்ன விதி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேய் யார் கண்ணுக்குத் தெரியும்? எதைத் தொட்டால் மறையும்? எத்தனை நாளுக்குள் என்ன நடந்தாக வேண்டும்? முதல் இரண்டு எபிசோடில் இந்த விதி தெளிவாக வந்துவிட வேண்டும். அதைக் கடைசிவரை காப்பாற்றும் தொடர் மூன்றாம் முறை பார்க்கும்போதும் சலிப்பதில்லை. கதைக்கு வசதியாக நடுவில் விதியைத் தளர்த்தினால் அங்கேயே காதலும் தளர்ந்துவிடும்.

விதியே காதலை வளர்ப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2013இல் எஸ்பிஎஸ் என்ற கொரிய டிவி சேனல் ஒளிபரப்பிய 'மாஸ்டர்ஸ் சன்'. ஹோங் சகோதரிகள் எழுதியது, 17 எபிசோடு. விபத்துக்குப் பிறகு டே கோங்-ஷில் கண்ணுக்குப் பேய்கள் தெரிகின்றன. இரவில் தூக்கம் கிடையாது. ஷாப்பிங் மால் நடத்தும் ஜூ ஜுங்-வோனைத் தொட்டால் மட்டும் அவை மறைகின்றன. சிடுசிடுப்பும் கணக்குப் பார்க்கும் புத்தியும் கொண்ட அந்த முதலாளியை அவள் துரத்திப் பிடிப்பது காதலால் அல்ல, தூக்கத்துக்காக. அவனுக்கும் பேய் மூலம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அவளுக்கு அவன் பதுங்குகுழி, அவனுக்கு அவள் ரேடார். தொடுவதற்கு இப்படி ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டதால், கையைப் பிடிக்க எட்டு எபிசோடு தயங்கும் வழக்கமான இழுவை இதில் இல்லை.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஒரு விஷயமும் இதில் உண்டு. ஜூ ஜுங்-வோன் என்ற பெயரிலிருந்து 'ஜூகுன்' வருகிறது. எஜமான் என்று பொருள். டே கோங்-ஷிலின் செல்லப்பெயர் 'டேயாங்', அதாவது சூரியன். தலைப்பே இருவர் பெயரையும் வைத்து ஆடிய சொல்விளையாட்டு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பல வசனங்களுக்கு இன்னொரு அர்த்தம் கிடைக்கும். ஆங்கில சப்டைட்டிலில் எல்லாமே 'யூ' என்று ஒரே சொல்லாகிவிடுவதால் 'நீ', 'நீங்கள்' வேறுபாடும் காணாமல் போகிறது. கொரிய வாக்கியத்தின் முடிவில் 'யோ' ஒலிக்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். அது இருந்தால் மரியாதைப் பேச்சு. அது திடீரென்று நின்றுபோகும் இடம் பெரும்பாலும் உறவு மாறும் இடம்.

காதலையும் பேயையும் ஒட்டவைப்பது கொரியாவில் வலிந்து செய்த கலவை அல்ல. அங்கே மக்கள் அதிகம் அஞ்சியது கல்யாணமாகாமல் செத்தவர்களின் பேய்க்குத்தான். பெண் என்றால் 'சோன்யோ க்விஷின்', ஆண் என்றால் 'மொங்தால் க்விஷின்'. மணமாகாதவருக்குப் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லாதவருக்கு ஆண்டுதோறும் படையல் வைக்க ஆளில்லை. அதனால் அந்த ஆவி அலையும். இறந்தவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் சடங்கும் உண்டு. வெள்ளை உடையும் விரித்த கூந்தலுமாக வருகிற பேயின் மனக்குறையே நிறைவேறாத வாழ்க்கைதான் என்னும்போது, அதற்குக் காதல் கதை எழுதுவது இயல்பாகவே வருகிறது.

இன்னொரு வேர் நாட்டார் கதை. மிரியாங் ஊரில் கொலையுண்ட அராங் என்ற பெண் ஒவ்வொரு புதிய நீதிபதி முன்னும் முறையிட வருவாள். அவளைப் பார்த்த பயத்திலேயே அவர்கள் செத்துப்போவார்கள். பயப்படாமல் காது கொடுத்த ஒருவர்தான் வழக்கைத் தீர்க்கிறார். 2012இல் எம்பிசி சேனல் இதை 20 எபிசோடு தொடராக்கியது. பேய் மிரட்டுவதற்காக வருவதில்லை, மனு கொடுக்க வருகிறது. இந்தப் புரிதல் இருந்தால் 'மாஸ்டர்ஸ் சன்' பேய்கள் ஏன் வரிசையாக வந்து உதவி கேட்கின்றன என்பது விளங்கும்.

இந்தத் தொடர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன. பேய்க்கதை கேட்டு உடம்பு சில்லிட்டால் வெக்கை தணியும் என்பது அங்கே கோடைக்கால வழக்கம்.

எங்கே சொதப்புகிறது? பெரும்பாலும் பிற்பாதியில். பேய்க்கு மனக்குறை என்றால் அநியாயச் சாவு, அநியாயச் சாவு என்றால் ஒரு கொலைகாரன். ஆகவே பத்தாம் எபிசோடு வாக்கில் காமெடி ஒதுங்கிக் குற்ற விசாரணை முன்னுக்கு வரும். இது எழுத்தாளரின் சோம்பல் அல்ல, கதையின் அமைப்பே அப்படி. ஆனால் கொலைகாரனின் நிழல் முதல் எபிசோடுகளிலேயே விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தொடர்களை ஒட்டிவைத்தது போலிருக்கும். அடுத்த சிக்கல் முடிவு. நாயகியே பேய் என்றால் அவள் போயாக வேண்டும். அவள் சாகவில்லை, கோமாவில் இருக்கிறாள் என்பார்கள். அல்லது மறுபிறவி என்பார்கள். இரண்டும் அழுத பிறகு ஏமாற்றியது போன்ற உணர்வைத் தரக்கூடியவை. 2019இல் வந்த 'ஹோட்டல் டெல் லூனா' இதை நேர்மையாகக் கையாள்கிறது. ஐயூ நடித்த மன்-வோல், பேய்கள் வந்து தங்கும் ஹோட்டலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுண்டிருக்கிறாள். தோட்டத்துப் பட்டமரம் அவள் மனம் இளகும்போது துளிர்த்துப் பூக்கிறது, பூ உதிர்ந்தால் அவள் புறப்பட வேண்டும். காதல் வளர்வதும் பிரிவு நெருங்குவதும் ஒரே மரத்தில் தெரிகிறது. எபிசோடுகள் நீளம், 16ஐயும் பார்க்க 20 மணி நேரம் ஒதுக்குங்கள்.

வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்று ஒளிபரப்பியவை என்பதால் இரண்டிரண்டாகப் பார்ப்பதே நல்லது. எபிசோடு முடிவில் நிறுத்தாதீர்கள். அங்கேதான் கொக்கி மாட்டியிருப்பார்கள். அன்றைய பேயின் கதை முடியும் இடத்தில், ஏறத்தாழ ஐம்பதாவது நிமிடத்தில், நிறுத்தினால் தூங்க முடியும். நான்காம் எபிசோடு வரை பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் 'மாஸ்டர்ஸ் சன்'னில் தொடங்க வேண்டாம். ஆரம்ப எபிசோடுகளில் நிஜமாகவே திடுக்கிடவைக்கும் காட்சிகள் உண்டு. 2015இல் டிவிஎன் சேனல் ஒளிபரப்பிய 'ஓ மை கோஸ்ட்' முதலில் பார்க்க ஏற்றது, 16 எபிசோடு. இந்த வகையில் சிறந்ததும் அதுதான். இதில் பேய் நாயகி அல்ல, நாயகியின் உடம்பில் புகுந்துகொள்பவள். மூன்று ஆண்டுக்குள் குறை தீராவிட்டால் கெட்ட ஆவியாகிவிடுவாள் என்பது விதி. கூச்சத்தால் முணுமுணுக்கும் சமையல் உதவியாளர் போங்-சன், வெட்கமறியாத பேய் சுன்-ஏ என்று இரண்டு பேரையும் பார்க் போ-யங் ஒரே உடம்பில் காட்டுகிறார். தோளைக் குறுக்குவதையும் நடையையும் பார்த்தாலே உள்ளே யார் என்று தெரியும். நாயகனான செஃப் இருவரில் எவளைக் காதலிக்கிறான் என்ற கேள்வியிலிருந்து தொடர் தப்பி ஓடுவதில்லை. பேயைத் துரத்தும் பூசாரிப் பெண்ணாக வருபவர், பிறகு 'பாரசைட்' படத்தில் நடித்த லீ ஜங்-உன். இரண்டாம் முறை பார்க்கும்போது காதல் காட்சிகளைவிட அதிகம் தங்குவது சுன்-ஏ தன் அப்பாவின் சிறிய சாப்பாட்டுக் கடைக்கு வரும் காட்சிகள். வேறொருத்தியின் முகத்தோடு வேலையில் கை கொடுக்கிறாள். எதிரில் நிற்பது தன் மகள் என்று அவருக்குத் தெரியாது.