பித்தப்பை ஒட்டிக்கிடந்தால்: வயிற்றைத் திறப்பதா, பாதியை விட்டுவருவதா?

பித்தப்பையை அகற்றும் அறுவையில் பித்தநாளம் அறுபடுவதற்குக் கை நடுக்கமோ அவசரமோதான் காரணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் நேர்ந்த 252 காயங்களை அலசி, அறுவை மருத்துவர் லாரன்ஸ் வே குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. அவற்றில் 97 விழுக்காட்டுக்கு முதல் காரணம் கண் ஏமாந்ததுதான். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொது நாளத்தை, பித்தப்பையின் சிறு குழாய் என்று நம்பி, தயக்கமே இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள்.

இதற்காகத்தான் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் ஒரு நிபந்தனை வகுத்தார். பித்தப்பைக் கழுத்தை ஒட்டிய முக்கோணப் பகுதியில் கொழுப்பை நீக்க வேண்டும். பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரிக்க வேண்டும். பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள், பையின் பித்தக் குழாயும் அதன் தமனியும், நுழைவது தெரிய வேண்டும். பிறகுதான் கிளிப்பும் கத்தரிக்கோலும். கடும் அழற்சியில் இந்தக் காட்சி கிடைக்காமலே போகலாம். அப்போது என்ன செய்வது?

பழைய பதில், வயிற்றைத் திறப்பது. திறந்த அறுவையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு நாளக் காயங்கள், லேப்ராஸ்கோப்பியில் மூன்று முதல் ஐந்து வரை என்று காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் எளிய பித்தப்பைகளும் அடக்கம். நடுவழியில் திறக்கப்படுவதோ சிக்கலான பித்தப்பை. திறந்தாலும் அதே ஒட்டல், அதே அழற்சி. கழுத்துக்கு எதிர்முனையில் தொடங்கி, கழுத்தை நோக்கிப் பிரித்துக்கொண்டு வரும் முறையில், சுருங்கி இறுகிய பையோடு கல்லீரல் தமனியும் சேர்ந்து வெட்டுப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

லேப்ராஸ்கோப்பி வருவதற்கு வெகுமுன்பே, 1953இல், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடனுக்கு லண்டனில் திறந்த அறுவையின்போது நாளம் சேதமானது. பாஸ்டனுக்குப் போய் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் கேட்டலிடம் சீரமைத்துக்கொண்டார். காய்ச்சலும் மறு அறுவைகளும் அப்புறமும் விடவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லேப்ராஸ்கோப்பியிலேயே பயின்று வளர்ந்த தலைமுறைக்குத் திறந்த முறையில் கைப்பழக்கம் குறைவு. பழக்கமில்லாத அறுவையை மிகக் கடினமான நோயாளியிடம் தொடங்குவதை எப்படிப் பாதுகாப்பு என்பது? இரத்தப்போக்கை அடக்கவோ, குடல் ஒட்டலைப் பிரிக்கவோ திறப்பது வேறு விஷயம். அங்கே அது தவிர்க்க முடியாதது.

என் சாய்வு இரண்டாவது வழிக்கு: ஆபத்தான கழுத்துப் பகுதியைத் தொடாமல், பையைத் திறந்து கற்களை எடுத்து, பெரும்பகுதியை வெட்டி, மிச்சத்தை விட்டுவருவது. இது இலவசமில்லை. மிச்சத்தைத் திறந்தே விட்டால் பித்தம் கசியலாம். தைத்து மூடினால் அதற்குள் மறுபடி கல் சேரலாம். கசிவு பெரும்பாலும் வடிகுழாயிலோ, எண்டோஸ்கோப் வழியாக நாளத்துக்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயிலோ அடங்கிவிடும். முழுதாக அறுபட்ட நாளத்துக்கோ சிறுகுடலைக் கல்லீரல் நாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவை வேண்டும். அதிலும், காயம் ஏற்படுத்தியவரே செய்த சீரமைப்பு 17 விழுக்காடும் அனுபவமிக்க மையங்களில் செய்தது 94 விழுக்காடும் வெற்றி பெற்றதாக 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பைக்குள் குழாய் வைத்துச் சீழை வடித்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வருவது மூன்றாவது வழி. உடல்நிலை மோசமானவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு இன்னோர் அறுவையைக் கடன் வைப்பதாகும்.

ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் திறந்த அறுவை’ என்ற வரி வழக்கமாக இருக்கும். ‘ஒரு பகுதியை விட்டுவர நேர்ந்தால்?’ என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அப்படி விடப்பட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதி வாங்குங்கள். பின்னொரு நாள் வலி வந்தால், பித்தப்பைதான் எடுத்தாயிற்றே என்று ஸ்கேன் பார்ப்பவர் அந்த இடத்தைக் கடந்துபோய்விடக் கூடாது.